புது கிளப் வாங்கினால் ஸ்கோர் குறையுமா?

கோல்ஃப் ஆடத் தொடங்கிச் சில வருடங்கள் ஆனவர்களை விடாமல் பிடித்துக்கொள்ளும் கேள்வி இது: கையில் இருக்கும் கிளப் செட்டை, அதாவது பந்தை அடிக்கும் மட்டைகளை, மாற்றினால் ஆட்டம் தேறுமா? கேட்பவர் பெரும்பாலும் 90-க்கும் 105-க்கும் இடையில் ஸ்கோர் போடுபவர் (ஸ்கோர் என்பது ஒரு ரவுண்டில் 18 குழிகளையும் முடிக்க ஆகும் அடிகளின் எண்ணிக்கை; குறையக் குறைய நல்லது). பையில் இருப்பது யாரோ கொடுத்த செட்டாக இருக்கும், இல்லையென்றால் பத்துப் பதினைந்து வருடம் முன்பு வாங்கியதாக இருக்கும். ஒரு பக்கம் பத்து கெஜம் கூடும், பதினைந்து கெஜம் கூடும் என்று விளம்பரங்கள் ஆசை காட்டுகின்றன. இன்னொரு பக்கம், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கூட ஆடுபவர்கள் வாயை அடைத்துவிடுகிறார்கள். இரண்டிலும் பாதி உண்மை உண்டு. சில சமயம் கூடம் நிஜமாகவே கோணலாகத்தான் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் ஆடுபவரை மட்டும் திருத்திக்கொண்டே இருப்பது வீண் உழைப்பு.

முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. இருக்கிற செட்டோடு பயிற்சியாளரிடம் போகலாம். அதே செட்டை உடம்புக்கும் ஸ்விங்குக்கும் ஏற்ற மாதிரி சரிசெய்துகொள்ளலாம். ஒன்றிரண்டு கிளப்பை மட்டும் மாற்றலாம். அல்லது முழு செட்டையும் புதிதாக எடுக்கலாம். என் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கிளப் பழசா புதுசா என்பதைவிட, அது உங்களுக்குப் பொருந்துகிறதா என்பதுதான் ஸ்கோரில் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது வழியும் மூன்றாவது வழியும் சேர்ந்ததே அதிக பலன் தரும். ஆனால் அவைதான் பலருக்கு ஞாபகமே வராத வழிகள்.

ஸ்கோர் எங்கே ஒழுகுகிறது

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, தொழில்முறை ஆட்டக்காரர்களும் அமெச்சூர்களும் அடித்த அடிகளை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்து ஆராய்ந்தவர். 'ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்' என்ற அளவுமுறையை உருவாக்கியவர் அவர்தான். சராசரியாக 80 ஸ்கோர் போடுபவருக்கும் 90 போடுபவருக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு, 100 கெஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளிலிருந்து வருகிறது என்று அவர் காட்டினார். 'எல்லாம் கிரீனில்தான் இருக்கிறது, பட்டரைப் பார்த்துக்கொள்' என்ற பழைய அறிவுரைக்கு இது நேர் எதிர் (கிரீன் என்பது குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை; பட்டர் அங்கே பந்தை உருட்டும் கிளப்). பட்டிங்கில் வித்தியாசமே இல்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. தொழில்முறை ஆட்டக்காரர் 8 அடி தூரத்திலிருந்து பாதிக்குப் பாதி குழிக்குள் போடுகிறார். 90 போடுபவருக்கு அந்தப் பாதிக்குப் பாதி தூரம் 5 அடி அளவில் இருக்கிறது. ஆனாலும் பெரிய ஓட்டை, தொலைவுக்கு அடிக்கும் டிரைவரிலும் கிரீனை நோக்கி அடிக்கும் அயர்ன்களிலும்தான்.

இது கிளப் வாங்க நினைப்பவருக்குச் சாதகமான செய்தி போலத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள். நீண்ட அடிகளில் ஸ்ட்ரோக் போவது தூரம் போதாமலா, திசை தவறியா, பந்து சரியாகப் படாமலா என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால் அடுத்த ஐந்தாறு ரவுண்டுகளுக்கு ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து) அடித்த பந்து அடுத்த அடிக்கு வாகான இடத்தில் விழுந்ததா? கிரீனை நோக்கிய அடி குட்டையாகத் தவறியதா, இடமா, வலமா? முதல் பட் எத்தனை அடி தூரத்திலிருந்து? அவ்வளவு போதும். பத்து அடிகளில் ஏழெட்டு குட்டையாக விழுகின்றன என்று தெரிந்தால், பெரும்பாலும் அதற்குக் காரணம் கிளப்பின் தரம் இல்லை; வாழ்நாளில் ஒரு முறை அடித்த மிகச் சிறந்த அடியை வைத்து கிளப்பைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம். 7 அயர்ன் எடுக்கும் இடத்தில் 6 அயர்ன் எடுத்தால் தீர்ந்தது (எண் குறைந்தால் தூரம் கூடும்). செலவே இல்லை.

இன்னொரு சோதனை இதைவிட முக்கியம். கிளப் முகத்தில் பவுடர் ஸ்ப்ரே அடித்து, அல்லது அழியக்கூடிய மார்க்கர் மையைப் பூசி, இருபது பந்து அடித்துப் பாருங்கள். பந்து பட்ட தடம் அப்படியே தெரியும். தடங்கள் எல்லாம் ஒரே இடத்தில், ஆனால் நடுவைவிட்டு விலகி, கொத்தாக விழுந்திருந்தால் கிளப்பின் நீளத்தையோ லை கோணத்தையோ (தண்டு எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்பதையோ) நீங்கள் நிற்கும் நிலையையோ சந்தேகிக்கலாம். முகம் முழுக்கச் சிதறியிருந்தால் பிரச்சினை ஸ்விங்கில். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் செய்யப்படும் எந்தக் கொள்முதலும் குருட்டாம்போக்குதான்.

டிரைவர்: எவ்வளவு பழசு என்பதைப் பொறுத்தது

டிரைவரின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். 1979-ல் டெய்லர்மேட் நிறுவனம் உலோகத் தலை வைத்த கிளப்பைக் கொண்டுவரும் வரை டிரைவர் என்றால் பெரும்பாலும் பெர்சிமன் போன்ற மரம்தான். 1991-ல் வந்த காலவேயின் 'பிக் பெர்த்தா' 190 கன சென்டிமீட்டர் தலையோடு வந்தபோது அதையே பெரிது என்றார்கள். டைட்டேனியம் வந்த பிறகு தலை மளமளவென்று வளர்ந்தது. முகம் மெலிந்தது. பந்து பட்டதும் முகம் லேசாக உள்வாங்கித் திரும்பத் தள்ளும் 'டிராம்போலின்' விளைவு பெரிதானது. விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ ஆகிய இரண்டு அமைப்புகளும் தலையிட்டன. தலையின் அளவுக்கு 460 கன சென்டிமீட்டர் என்றும், முகத்தின் துள்ளலுக்கு 0.83 என்ற மீள்குணகத்தை ஒட்டியும் உச்சவரம்பு வந்தது.

2000-களின் நடுவிலிருந்து எல்லா நிறுவனங்களும் அந்த வரம்பை ஒட்டியே டிரைவர் செய்கின்றன. ஆகவே நடுமுகத்தில் படும் பந்துக்கு, பத்து வருடம் முந்தைய நல்ல டிரைவரும் இந்த வருடப் புது டிரைவரும் தரும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். மைதானத்தில் எடுத்த அளவுகளும் இதையே சொல்கின்றன. பிரிட்டனில் ஆர் அண்ட் ஏ அமெச்சூர் ஆண்களின் டிரைவ் தூரத்தைத் தொடர்ந்து அளந்து வந்தது. 1996-ல் சராசரி 200 கெஜம். 2005 வாக்கில் 215-ஐத் தாண்டியது. அதற்கப்புறம் எத்தனையோ புது மாடல்கள் வந்தும் 2019 வரை அந்தச் சராசரி கிட்டத்தட்ட அங்கேயே நின்றது. வருடா வருடம் விளம்பரம் சொன்ன கெஜங்களைக் கூட்டியிருந்தால் இந்நேரம் எல்லோரும் 300 கெஜம் அடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அப்படியானால் மாற்றமே இல்லையா? உண்டு, நடுவில் படாத அடிகளில். பந்து முகத்தின் ஓரத்தில் படும்போது தலை திருகிக்கொள்ளும். அந்தத் திருகலைத் தாங்கி நிற்கும் தன்மையை 'எம்ஓஐ' என்ற எண்ணால் சொல்வார்கள். அதற்கும் விதியில் 5900 கிராம்-சதுர சென்டிமீட்டர் என்று வரம்பு இருக்கிறது. இப்போது '10கே' என்று விற்கப்படும் டிரைவர்கள், கிடைமட்டம் செங்குத்து இரண்டு திசையின் எண்களையும் கூட்டிப் பத்தாயிரத்தைத் தாண்டியவை. முகம் முழுக்க அடித்துச் சிதறவைப்பவருக்கு இந்தத் தலைகள் உதவும். ஓரத்தில் பட்டாலும் பந்து வேகத்தை அவ்வளவாக இழக்காது, திசையும் கொஞ்சம் கட்டுக்குள் இருக்கும்.

ஸ்லைஸை மட்டும் அவை குணப்படுத்தாது. வலது கைக்காரரின் பந்து வலப்பக்கம் வளைந்து போவதற்குக் காரணம், ஸ்விங் போகும் பாதைக்கு முகம் திறந்திருப்பது. உள்பக்கம் கனம் வைத்த 'டிரா' வகை டிரைவர் அந்த வளைவைக் கொஞ்சம் குறைக்கும். முகத்தை மூடிக் கொண்டுவருவது கையின் வேலை. ஸ்லைஸுக்காக மூன்றாவது டிரைவர் வாங்கப் போகிறவர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அந்தப் பணத்தைப் பயிற்சியாளரிடம் கொடுங்கள்.

டிரைவரில் அமெச்சூர்கள் அதிகம் இழப்பது லாஃப்ட், அதாவது கிளப் முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம், விஷயத்தில். அமெச்சூர் ஆண்களின் சராசரி கிளப் வேகம் மணிக்கு 93 மைல் அளவில் இருக்கிறது; பிஜிஏ டூர் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அது 113-க்கு மேல். வேகம் குறைவு, அதோடு பலரும் பந்தைக் கொஞ்சம் கீழ்நோக்கியே அடிக்கிறார்கள். இந்த நிலையில் 9 டிகிரி டிரைவர் பந்தைத் தாழ்வாகத் துப்பிவிடும். அவர்களுக்கு 10.5, 12 டிகிரிதான் காற்றில் அதிக தூரம் தரும். 'லாஃப்ட் கூடினால் தூரம் குறையும்' என்ற நினைப்பு வேகமாக அடிப்பவர்களிடமிருந்து தொற்றிய நினைப்பு. உங்கள் டிரைவரில் ஷாஃப்ட் (தண்டு) தலையோடு சேரும் இடத்தில் திருகி மாற்றும் அமைப்பு இருந்தால், இன்றைக்கே ஒன்றரை டிகிரி கூட்டிப் பாருங்கள். பல பேர் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டதே இல்லை. கூட்டும்போது முகமும் லேசாக மூடும் என்பது ஸ்லைஸ் அடிப்பவருக்கு இன்னொரு லாபம்.

நீளமும் அப்படியே. கடையில் விற்கும் டிரைவர்கள் 45.5 அங்குலமும் அதற்கு மேலும் இருக்கும். தொழில்முறை ஆட்டக்காரர்களில் பலர் அதைவிடக் குட்டையானதைத்தான் பிடிக்கிறார்கள். ஒரு அங்குலம் கீழே பிடித்து ஒரு ரவுண்டு முழுக்க ஆடிப் பாருங்கள். தடங்கள் நடுவுக்கு வந்து, தூரம் குறையாமல் இருந்தால், டிரைவரை மாற்ற வேண்டியதில்லை. ஷாஃப்டைக் குட்டையாக்கினால் போதும். தலையின் எடையைக் கொஞ்சம் கூட்ட வேண்டி வரலாம்.

அயர்ன்: எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்

புது அயர்ன் செட்டை அடித்துப் பார்த்தவர் முகத்தில் வரும் மகிழ்ச்சிக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: 7 அயர்ன் பதினைந்து கெஜம் கூடுதலாகப் போயிருக்கும். அந்தக் கிளப்பின் லாஃப்டைக் கேளுங்கள். எண்பதுகளின் 7 அயர்ன் 35, 36 டிகிரி. இன்று அமெச்சூர்களுக்காகச் செய்யப்படும் செட்டில் அதே எண் பொறித்த கிளப் 28 முதல் 30 டிகிரி. அதாவது உங்கள் பழைய செட்டின் 5 அயர்னுக்கும் 6 அயர்னுக்கும் நடுவில் இருக்கும் ஒன்றை 7 என்ற பெயரில் அடித்திருக்கிறீர்கள்.

இதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. புது அயர்ன்களின் கனம் மிகத் தாழ்வாக வைக்கப்பட்டிருப்பதால், லாஃப்ட் குறைந்தும் பந்து உயரமாகவே எழும்புகிறது. ஆனால் ஒப்பிடும்போது எண்ணை எண்ணோடு ஒப்பிடாமல் லாஃப்டை லாஃப்டோடு ஒப்பிட வேண்டும். அடுத்து, கிரீனில் பந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். லாஃப்ட் குறைந்தால் ஸ்பின்னும் குறையும். காற்றில் பத்து கெஜம் கூடிப் போய், விழுந்த பிறகு உருண்டு கிரீனுக்குப் பின்னால் இறங்கிவிட்டால் அந்தப் பத்து கெஜத்தால் என்ன லாபம்? செட்டின் அடிமுனையில், குட்டை அடிகளுக்கான வெட்ஜ்களுக்கு நடுவிலும் ஒரு பள்ளம் விழுகிறது. பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரி, சாண்ட் வெட்ஜ் 56 டிகிரி என்றால் நடுவே 13 டிகிரி இடைவெளி. அந்த இடைவெளியில்தான் 80 முதல் 110 கெஜம் வரையான பாதி அடிகள் எல்லாம் மாட்டிக்கொள்கின்றன. புது செட் எடுப்பவர் நடுவில் ஒரு வெட்ஜும் சேர்த்து எடுக்க நேரும்.

அயர்ன் மாற்றுவதால் உண்மையில் கிடைக்கும் லாபம் வேறு. பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் ஒரு பொறியாளர். தலையின் கனத்தை நடுவிலிருந்து எடுத்து ஓரங்களுக்குத் தள்ளினால் தவறிய அடியும் ஓரளவு பிழைக்கும் என்று அவர் கிளப்களில் செய்து காட்டினார். முதுகுப்பக்கம் குழிந்த இன்றைய கேவிட்டி அயர்ன்கள் அந்த வழியில் வந்தவை. உங்களிடம் இருப்பது மெல்லிய பிளேடு வகை என்றால், நீங்கள் 90-க்கு மேல் ஸ்கோர் போடுபவர் என்றால், மாற்றுங்கள், தயங்கவே வேண்டாம். அகலமான அடிப்பாகம் கொண்ட அயர்ன், பந்துக்கு முன்னால் தரையில் பட்டாலும் மண்ணுக்குள் புதையாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் கையில் இருப்பது ஏற்கெனவே கேவிட்டி வகையாக இருந்தால், அது இருபது வருடப் பழசாக இருந்தாலும், புது செட் தரும் வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது.

நீள அயர்ன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மெதுவாக ஸ்விங் செய்பவர் 4, 5, 6 அயர்ன்களை அடித்து அளந்தால் மூன்றும் ஏறக்குறைய ஒரே தூரம் போவதைப் பார்க்கலாம். லாஃப்ட் குறைய குறைய பந்தை எழுப்ப வேகம் வேண்டும். அது இல்லாவிட்டால் எண் மாறியும் தூரம் மாறாது. பையில் அனுமதிக்கப்பட்ட 14 கிளப்பில் இரண்டு சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு ஒரு ஹைப்ரிடும் (அயர்னுக்கும் வுட்டுக்கும் நடுவான கிளப்) ஒரு 7 வுட்டும் (டிரைவரைப் போலப் பருத்த தலை கொண்டது) வைத்தால், பந்து எழும்பும், ரஃப் புல்லிலிருந்தும் வெளியே வரும், கிரீனில் மெதுவாக இறங்கும். சராசரி அமெச்சூர் செய்யக்கூடிய ஒரே ஒரு மாற்றத்தைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். புது டிரைவரைவிட இதில் ஸ்ட்ரோக் அதிகம் மிச்சமாகும்.

வெட்ஜ், பட்டர், பந்து

வெட்ஜ்கள் தேயும். முகத்தில் உள்ள க்ரூவ்கள் (வரிப்பள்ளங்கள்) மழுங்கினால் ஈரப் புல்லிலிருந்து அடிக்கும்போது பந்து பிடிப்பில்லாமல் வழுக்கிப் பாயும். எனவே பழசு புதுசு என்ற கேள்வி உண்மையிலேயே பொருந்தும் கிளப் இது ஒன்றுதான். வாங்கும்போது லாஃப்டோடு பவுன்ஸையும் (அடிப்பாகம் தரையோடு ஏற்படுத்தும் கோணத்தையும்) பாருங்கள். மணலும் மண்ணும் மிருதுவாக இருக்கும் இடத்தில் ஆடுபவருக்கும், செங்குத்தாக வெட்டி அடிப்பவருக்கும் 10 டிகிரிக்கு மேல் வேண்டும். கட்டாந்தரையில் ஆடுபவருக்கு அதைவிடக் குறைவு.

பட்டரில் பெரிய தலை கொண்ட மாலெட் வகை, நடுவில் படாத அடியையும் தூரம் குறையாமல் கொண்டுபோகும். ஆனால் மூன்று பட் போடுவதற்கு முக்கியக் காரணம் முதல் பட்டின் தூரத்தைத் தவறாகக் கணிப்பது. அதை எந்த பட்டரும் கற்றுத் தராது. நீளம் மட்டும் சரியா என்று பாருங்கள். உயரம் குறைந்தவர் 35 அங்குல பட்டரோடு மல்லுக்கட்டி, முழங்கையை மடக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். 33-க்கு வெட்டிவிட்டால் கண் பந்துக்கு மேலே வந்துவிடும்.

பந்து விஷயத்தில் ஒரு வரி: கிடைத்த பந்தையெல்லாம் அடிக்காமல் ஒரே வகையை வைத்துக்கொள்ளுங்கள். யூரித்தேன் உறை போட்ட பந்துக்கும் கெட்டியான அயனோமர் உறை போட்ட பந்துக்கும் கிரீன் ஓரத்தில் உள்ள வித்தியாசம், இரண்டு வெட்ஜ்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிது.

இருப்பதைச் சரிசெய்வது

எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம், இந்த வழியை யாரும் யோசிக்காமல் தாண்டிப் போவது. முதலில் கிரிப். ரப்பர் இறுகிப் பளபளவென்று ஆகிவிட்டால் கை தன்னையறியாமல் இறுக்கிப் பிடிக்கும். முன்கை இறுகினால் ஸ்விங் வேகம் போகும், முகம் திறந்தே நிற்கும். பதிமூன்று கிளப்புக்கும் புது கிரிப் போடுவது ஒரு புது டிரைவரோடு ஒப்பிட்டால் சொற்பச் செலவு. கையின் அளவுக்கேற்ற தடிமனையும் அப்போதே மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது லை கோணம். கிளப்பைத் தரையில் வைக்கும்போது ஷாஃப்ட் எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்பது அது. அதிகம் நிமிர்ந்திருந்தால் வலது கைக்காரரின் பந்து இடப்பக்கம் கிளம்பும், படுத்திருந்தால் வலப்பக்கம். லாஃப்ட் கூடக் கூட இந்த விலகல் பெரிதாகும். 9 அயர்ன், வெட்ஜ் எல்லாம் நன்றாக அடித்தும் ஒரே பக்கமாகத் தவறுகிறதென்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை: பந்தில் மார்க்கரால் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, கோடு கிளப் முகத்தைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். முகத்தில் பதியும் கோடு நேராக நின்றால் சரி. சாய்ந்திருந்தால் கிளப்பை வளைத்துச் சரிசெய்யும் ஆளிடம் கொண்டுபோகலாம். ஃபோர்ஜ் செய்த தலைகள் எளிதாக வளையும். வார்ப்புத் தலைகளில் சில ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் ஒத்துழைக்காது.

இது வெறும் திசைப் பிரச்சினை மட்டுமில்லை. பொருந்தாத கிளப் ஸ்விங்கையே கெடுக்கும். பந்து இடப்பக்கம் போய்க்கொண்டே இருந்தால், அதைத் தடுக்க உடம்பு தானாக முகத்தைத் திறந்து பிடிக்கக் கற்றுக்கொள்ளும். அயர்னில் அது சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். அதே கையோடு டிரைவரை எடுத்தால் ஸ்லைஸ். பிறகு ஸ்லைஸுக்கு மருந்து தேடி அலைய வேண்டியதுதான். கிளப்பா பயிற்சியா என்று இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் போட்டுப் பார்ப்பது இதனால்தான் முழுச் சரியாக இருப்பதில்லை.

பயிற்சியாளரோடு ஒப்பிட்டால்

நோட்டிலும் முகத்துத் தடத்திலும் சிதறல்தான் தெரிகிறது என்றால் பயிற்சியாளர்தான் முதல். தரையில் பந்துக்கு முன்னாலேயே அடிப்பதும், பந்தின் தலையைத் தட்டுவதும், பாதையும் முகமும் ஒத்துப்போகாததும் அவர் தீர்க்கக்கூடியவை. ஆனால் பொறுமை வேண்டும். பிடியை மாற்றிய முதல் சில வாரங்கள் ஸ்கோர் ஏறத்தான் செய்யும். புது கிளப்பில் நடப்பது இதற்குத் தலைகீழ்: முதல் சில வாரங்கள் புதுசின் உற்சாகத்தில் ஸ்கோர் இறங்கும், பிறகு பழைய இடத்துக்கே மெல்லத் திரும்பிவிடும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால்தான் எது நின்றது என்று தெரியும்.

முதல் வகுப்பிலேயே உங்கள் கிளப்களைப் பயிற்சியாளரிடம் காட்டி, 'இவற்றில் எதாவது எனக்குத் தடையாக இருக்கிறதா?' என்று கேட்டுவிடுங்கள். நல்ல பயிற்சியாளர் ஷாஃப்ட் கனத்தையும் நீளத்தையும் பார்த்தே பதில் சொல்வார்.

யாருக்கு உண்மையிலேயே மாற்றம் தேவை

சிலருக்கு நான் மேலே சொன்ன நிதானமெல்லாம் வேண்டியதில்லை. கணவரின் பழைய ஸ்டீல் ஷாஃப்ட் கிளப்களை வைத்து ஆடும் பெண்களைப் பல இடங்களில் பார்க்கலாம். அந்த ஷாஃப்ட் ஒவ்வொன்றும் 100 கிராமுக்கு மேல், நீளம் அதிகம், வளைவே இல்லை. இலேசான கிராஃபைட் ஷாஃப்டும் சரியான நீளமும் கிடைத்த அன்றே அவர்கள் ஆட்டம் வேறாகிவிடும். பெரியவர்களின் கிளப்பைக் குட்டையாக வெட்டிக் குழந்தைகளுக்குக் கொடுப்பதும் அப்படியே. நீளம்தான் குறைகிறது, தலையின் கனம் குறையவில்லை. அந்தப் பிள்ளை கிளப்பைத் தூக்கவே உடம்பை வளைத்து ஒரு ஸ்விங்கைக் கற்றுக்கொள்ளும். அதை அழிக்கப் பின்னால் வருடங்கள் ஆகும்.

அறுபதைத் தாண்டி வேகம் குறைந்துகொண்டே வருபவர்களும் இந்த வரிசையில் வருவார்கள். முப்பது வயதில் பொருந்திய ஸ்டிஃப் ஷாஃப்டும் 9 டிகிரி டிரைவரும் இப்போது அவர்களுக்கு எதிரி. இலேசான ஷாஃப்ட், கூடுதல் லாஃப்ட், நீள அயர்ன்களுக்குப் பதில் ஃபேர்வே வுட்கள் என்று பையையே மாற்றினால் இழந்த கெஜங்களில் ஒரு பகுதி திரும்பி வரும். பிராடியின் கணக்குப்படி டிரைவில் 20 கெஜம் கூடினால் 90 போடுபவருக்கு ஒரு ரவுண்டில் ஒன்றரை ஸ்ட்ரோக் பக்கம் குறையும். இழக்கும்போதும் அதே கணக்குதான்.

இப்போதுதான் ஆடத் தொடங்கியிருப்பவர் மட்டும் ஃபிட்டிங்கில் (ஸ்விங்கை அளந்து கிளப்பைப் பொருத்துவதில்) அதிகம் செலவழிக்க வேண்டாம். ஸ்விங் மாதத்துக்கு மாதம் மாறும். மாறாதவை உயரமும் கையின் அளவும். நீளமும் கிரிப் தடிமனும் சரியாக இருக்கும் ஒரு பழைய கேவிட்டி செட் அவருக்கு ஓரிரு வருடம் தாராளமாகப் போதும்.

அடித்துப் பார்க்கும்போது

சரி, எல்லாம் யோசித்து மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். பந்தின் வேகத்தையும் தூரத்தையும் அளக்கும் லாஞ்ச் மானிட்டர் இருக்கும் இடத்துக்குப் போகும்போது உங்கள் பழைய கிளப்பையும் எடுத்துப் போங்கள். அது இல்லாமல் எடுக்கும் அளவுக்கு மதிப்பே கிடையாது. பழைய கிளப்பை உடம்பு சூடாகும் முன் அடித்துவிட்டு, புதியதைச் சூடான பிறகு அடித்தால் புதியது ஜெயிப்பது உறுதி. நான்கு பந்து இது, நான்கு பந்து அது என்று மாறி மாறி அடியுங்கள். இரண்டுக்கும் ஒரே பந்து. திரையில் வரும் மிக நீண்ட அடியைப் பார்க்காதீர்கள், அதைத்தான் விற்பவர் காட்டுவார். பந்துகள் விழுந்த இடங்களின் பரப்பைப் பாருங்கள். மோசமான மூன்று அடிகள் எங்கே போயின என்று பாருங்கள். ஸ்கோரைக் கெடுப்பவை அவைதான்.

ஷாஃப்டில் எழுதியிருக்கும் 'ரெகுலர்', 'ஸ்டிஃப்' என்ற பெயர்களை நம்ப வேண்டாம். அவற்றுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ரெகுலர் இன்னொன்றின் ஸ்டிஃபைவிட விறைப்பாக இருக்கலாம். களைத்த பிறகு எப்படி இருக்கிறது என்று கடைசியில் பத்து பந்து அடித்துப் பாருங்கள், ஏனென்றால் பதினாறாம் குழியில் உங்களிடம் இருக்கப்போவது அந்தக் களைத்த ஸ்விங்தான்.

டிரைவர், ஹைப்ரிட், அயர்ன் மூன்றிலும் மூன்று நான்கு வருடம் முந்தைய மாடல்களைப் பழசாகவே வாங்கலாம். வரம்புகள் மாறாததால் புதியதோடு ஒப்பிட்டு இழப்பது மிகக் குறைவு. மிச்சமாகும் பணத்தில் ஃபிட்டிங்கும் சில வகுப்புகளும் முடிந்துவிடும். டிரைவர் முகத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, ஷாஃப்ட் ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிரபல மாடல்களுக்குப் போலிகள் உண்டு என்பதால் தொடர் எண்ணைச் சரிபாருங்கள். வெட்ஜை மட்டும் பழசாக வாங்க வேண்டாம். தேய்ந்த க்ரூவைத்தான் யாரோ கழித்துக் கட்டுகிறார்கள்.

புது செட் சொல்லிச் செய்து வந்தாலும், கையில் கிடைத்ததும் ஒவ்வொரு அயர்னின் லாஃப்டையும் லை கோணத்தையும் அளக்கச் சொல்லுங்கள். தயாரிப்பில் ஒரு டிகிரி முன்பின் ஆவது சகஜம். ஒன்று ஒரு டிகிரி கூடி, அடுத்தது ஒரு டிகிரி குறைந்து வந்தால், நான்கு டிகிரி இருக்க வேண்டிய இடைவெளி இரண்டாகச் சுருங்கிவிடும். அப்புறம் 7 அயர்னும் 8 அயர்னும் ஒரே இடத்தில் போய் விழுவதைப் பார்த்து, ஸ்விங்கில் என்ன தவறு என்று மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பீர்கள். வளைத்துச் சரிசெய்ய ஒரு கிளப்புக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும்.